இரசிகரின் தராசு

விளையாடுவோர் சிலர், பார்ப்போர் பலர், கருத்துரைப்போரோ அனைவரும். பந்தை ஒருநாளும் காலால் தொட்டறியாதவரும் பந்தாட்டக்காரருக்குப் பாடம் சொல்லத் தயங்குவதில்லை. இதனைக் கண்டு நகைப்போர் உண்டு. ஆயினும், இரசிகரின் கருத்து அத்துணை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவர் தம் அணியைப் பற்றிப் பேசும்போது, தம்மை அறியாமலே தம் நெஞ்சின் அளவுகோலையும் வெளியே எடுத்து வைத்துவிடுகிறார். வெற்றியை எவ்வாறு ஏற்கிறார், தோல்விக்கு யாரைக் காரணம் காட்டுகிறார், தமக்கு ஆகாதவர் வென்றால் என்ன சொல்கிறார் என்பவற்றைக் கொண்டே அவர் எத்தகையவர் என்று அறிந்துகொள்ளலாம்.

ஈப்போ நகரில் அத்தகைய இரசிகர் ஒருவர் இருக்கிறார். புகைவண்டித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாலையானால் தேநீர்க் கடையின் சுவரோர மேசையில் அவரைக் காணலாம். ஒரு குவளை தே தாரிக், மடித்து வைத்த தமிழ் நாளிதழ், சுற்றிலும் அவரை ‘மாமா’ என்றழைக்கும் இளைஞர் நால்வர் ஐவர். இதுவே அவருடைய அரசவை. ஹாக்கியும் காற்பந்தும் அவருக்கு உயிர். அண்மைக் காலமாக, இளைஞர்களின் வற்புறுத்தலால், கூண்டுக்குள் நடைபெறும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளையும் பார்க்கப் பழகியிருக்கிறார். அவர் பேச்சில் சினமும் கேலியும் பிடிவாதமும் கலந்தே இருக்கும். எனினும், எதிரணியை எந்தப் படிக்கல்லால் நிறுக்கிறாரோ, அதே படிக்கல்லால் தம் அணியையும் நிறுப்பது அவர் வழக்கம். அதனாலேயே அவர் சொல்லுக்கு அந்த மேசையில் மதிப்பு.

அவருடைய ஹாக்கிப் பற்று 1975-ஆம் ஆண்டில் வேரூன்றியது. அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அப்போது அவர் இடைநிலைப் பள்ளி மாணவர். நெதர்லாந்தை 2–1 எனும் கோல் கணக்கில் வென்று மலேசியா அரையிறுதிக்குத் தகுதி பெற்றபோது நாடே விழாக்கோலம் பூண்டது. சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா, பூன் ஃபூக் லோக் என இனம் பலவாயினும் அணிந்த சீருடை ஒன்றே. அரையிறுதியில் எதிர்த்து நின்ற அணி இந்தியா!

தமிழர் இல்லங்கள் பலவற்றில் அன்று ஒரு தடுமாற்றம். தந்தை பிறந்த மண் ஒருபுறம். தான் பிறந்த மண் மறுபுறம். அந்த மாணவரின் தந்தை இந்தியாவின் பக்கம். மகன் மலேசியாவின் பக்கம். இருவருக்கும் நடுவில் ஒரு வானொலிப் பெட்டி. மலேசியா 2–1 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், பெனால்டி கார்னர் வாய்ப்பைக் கோலாக்கி அஸ்லாம் ஷேர் கான் ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலை அடித்தார். இந்தியா 3–2 என வென்றது. பின்னர்ப் பாகிஸ்தானையும் 2–1 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மலேசியாவுக்குக் கிட்டியது நான்காமிடம். அன்றிரவு தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்பட்ட தந்தை வாசலில் நின்று, “உன் ஆட்கள்தாம் நன்றாக ஆடினார்கள்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். விளையாட்டைப் பற்றித் தாம் கேட்ட கருத்துகளுள் அதுவே தலைசிறந்தது என்று பெரியவர் இன்றும் கூறுவார்.

அதன் பிறகு அவர் கண்ட ஏமாற்றங்கள் பல. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில், மலேசியா இந்தியாவைப் பெனால்டி முறையில் வீழ்த்தியது. கோல் காவலர் குமார் சுப்பிரமணியம் அன்று அரணாக நின்றார். ஆனால் ஜப்பானுக்கு எதிரான இறுதியாட்டத்தில், பாதி ஆட்டம் முடிந்தபோது 4–1 என முன்னணியில் இருந்த அணி, முடிவில் 6–6 எனச் சமநிலை கண்டு, பெனால்டியில் தங்கத்தை இழந்தது. 2023 ஆகஸ்டு 12-ஆம் நாள், சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. மீண்டும் இந்தியா, மீண்டும் முன்னணி. பாதி ஆட்டத்தில் 3–1. மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில் இந்தியா அடுத்தடுத்து இரண்டு கோல்களைப் போட்டது. 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலால் 4–3 என ஆட்டம் கைமாறியது.

மறுநாள் மாலை தேநீர்க் கடையில் இளைஞர்கள் கொதித்தார்கள். நடுவர் ஒருதலைப்பட்சமானவர் என்றார் ஒருவர். சொந்த மண்ணில் இந்தியாவை யார்தாம் தோற்கவிடுவர் என்றார் மற்றொருவர். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நாம் மூன்று கோல் போட்டபோது ஊதியவர் வேறு நடுவரா?” என்றார். மேசை அமைதியாயிற்று.

பிறகு அவர் தம் கருத்தை விரித்துரைத்தார். ஹாக்கி, பதினைந்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்ட ஆட்டம். முப்பது நிமிடம் சிறப்பாக ஆடும் அணி பாராட்டுப் பெறும். அறுபது நிமிடமும் ஆடும் அணியே கிண்ணம் பெறும். முன்னணி பெற்றவுடன் பின்வாங்கிக் காக்கத் தொடங்கினால், பந்தும் எதிரியின் வசம். ஆட்டத்தின் வேகமும் அவன் வசம். 1975, 2018, 2023 என மூன்று ஆட்டங்களிலும் கையிலிருந்த முன்னணி பிற்பாதியில்தான் நழுவியது. மலேசிய ஆடவர் அணி ஒலிம்பிக் திடலில் இறுதியாகக் கால்வைத்தது 2000-ஆம் ஆண்டு சிட்னியில். அதன்பின் 2024 பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகள் அவ்வணி இல்லாமலே நடந்து முடிந்தன. ஆறு முறையும் நடுவர்களா காரணம்? நோய் இன்னதென்று ஒப்புக்கொள்ளாதவனுக்கு மருந்து எங்ஙனம் கிடைக்கும்? இது அவருடைய வழக்குரை.

கலப்புத் தற்காப்புக் கலையை அவர் முதலில் வெறுத்தார். மனிதரை மனிதர் அடித்து வீழ்த்துவது விளையாட்டாகுமா என்பது அவர் கேள்வி. 2011-இல் சிங்கப்பூரில் தோன்றிய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் இப்போட்டிகளை இவ்வட்டாரத்தில் பரப்பியது. கோலாலம்பூர் இளைஞர் அகிலன் தாணி அதில் புகழ் பெற்றபோது, தமிழ்ப் பெயரைக் கேட்ட ஆவலால் பெரியவரும் பார்க்க அமர்ந்தார். பருமனான சிறுவராக இருந்து, இடைவிடாப் பயிற்சியால் தம் உடலையே மாற்றியமைத்துக்கொண்டவர் அகிலன். 2017 மே 26-ஆம் நாள், தமது இருபத்தோராம் வயதில், அதுவரை தோல்வியே காணாதவராக, சிங்கப்பூர் உள்ளரங்கில் அமெரிக்க மல்லர் பென் ஆஸ்க்ரனை எதிர்த்து வெல்டர்வெயிட் பட்டத்துக்குப் போட்டியிட்டார். முதல் சுற்றில் இரண்டரை நிமிடங்கூட ஆகவில்லை. ஆஸ்க்ரனின் கைப்பிடி கழுத்தை இறுக்கியது. அகிலன் கையால் தட்டித் தம் தோல்வியைத் தெரிவித்தார். நடுவர் உடனே போட்டியை நிறுத்தினார்.

இளைஞர்கள் தலைகுனிந்தார்கள். பெரியவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றவன் தன் கையாலேயே தோல்வியை அறிவிக்கும் விளையாட்டை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். காற்பந்தில் தோற்றவன் நடுவரைச் சுட்டலாம், மழையைச் சுட்டலாம், திடலின் புல்லையும் சுட்டலாம். இங்கோ அந்த வாய்ப்பு இல்லை. தட்ட மறுத்தால் மயக்கம். தட்டினால் மறுநாள் மீண்டும் பயிற்சி. தட்டிய அதே அகிலன் 2019 ஜூன் மாதம் ஷங்காயில், அனுபவம் மிக்க யோஷிஹிரோ அக்கியாமாவை நீதிபதிகள் மூவரின் ஒருமித்த முடிவால் வென்றார். “தட்டத் தெரிந்தவனுக்குத்தான் எழத் தெரியும்” என்பது பெரியவரின் தீர்ப்பு. அடிதடியின்மேல் உள்ள வெறுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் அந்தத் தட்டலின்மேல் மட்டும் அவருக்குப் பெருமதிப்பு.

அந்த மதிப்பு 2025-ஆம் ஆண்டில் சோதனைக்குள்ளாயிற்று. ஜூன் 10-ஆம் நாள், புக்கிட் ஜாலில் அரங்கில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4–0 என வென்றது. 2014-க்குப் பிறகு வியட்நாமை வெல்ல இயலாதிருந்த அணிக்கு இது பெருவெற்றி. கடையிலிருந்தோர் அனைவருக்கும் பெரியவர் தம் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். செப்டம்பர் மாதத்தில் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் தீர்ப்பு வெளிவந்தது. அவ்வாட்டத்தில் களமிறங்கிய வெளிநாட்டில் பிறந்த வீரர் எழுவரின் தாத்தா பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்ட அளிக்கப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்றும், மூலப் பதிவுகளின்படி அம்முன்னோர் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள் என்றும் ஃபிபா கண்டறிந்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், வீரர் எழுவருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும் விதிக்கப்பட்டன. நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பப் பிழை என்று சங்கம் விளக்கமளித்தது. நவம்பரில் ஃபிபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையை உறுதிசெய்தது. நான்கு கோல்களுள் இரண்டு அவ்வெழுவருள் இருவர் அடித்தவை.

இம்முறை மேசையில் எழுந்த குரல்கள் பலவகை. எந்த நாடுதான் அயலாரைச் சேர்க்கவில்லை என்றது ஒன்று. யாரோ பொறாமையால் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றது மற்றொன்று. தாள் எதுவாயினும் திடலில் அடித்த கோல் கோல்தானே என்றது இன்னொன்று. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் 1980-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. சோ சின் ஆன் தலைமை. ஜேம்ஸ் வோங்கின் வெற்றிக் கோல். கோல் கம்பங்களுக்கிடையே ‘ஸ்பைடர்மேன்’ என்று புகழப்பட்ட ஆர். ஆறுமுகம். ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அவர்களுடைய இடத்தில் ஈராக் சென்று ஆடியது. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். அந்த ஒலிம்பிக் திடலில் அவர்கள் ஒரு நிமிடமும் ஆடவில்லை. எனினும் 2016-இல் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவி வந்தபோது, அரங்குகளில் முதியோரும் இளையோரும் கண்கலங்கினர்.

“அவர்கள் வென்றார்கள், போகவில்லை. அந்த வெற்றியை இன்றுவரை எவராலும் பறிக்க முடியவில்லை. இந்த நாலு கோலை யாரும் வந்து பறிக்க வேண்டியதில்லை, தம்பி. அது நம்முடையதே அன்று. வியட்நாம் நமக்கு இதைச் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?” என்றார் பெரியவர். சற்று நிறுத்தி, மேசைமேல் உள்ளங்கையால் இருமுறை மெல்லத் தட்டினார். இளைஞர்களுக்கு அதன் பொருள் விளங்கிற்று.

இக்கருத்து இனிப்பானதன்று. அன்று மாலை இளைஞர் இருவர் தேநீரை முடிக்காமலே எழுந்து போயினர். தம் நாட்டின் வெற்றியைத் தாமே மறுப்பவரைப் பற்றில்லாதவர் என்று ஏசுதல் எளிது. ஆனால் பற்று என்பது யாது? மகன் பொய்யான மதிப்பெண்ணோடு வீடு வந்தால் கைதட்டி வரவேற்கும் தந்தைக்குப் பற்று மிகுதியா, அழைத்து உட்காரவைத்து உண்மையைக் கேட்கும் தந்தைக்குப் பற்று மிகுதியா? வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அறநூல் வகுப்பில் ஒப்புவித்தல் எளிது. தம் அணி தோற்கும் வேளையில் கடைப்பிடித்தல் அரிது.

தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டு நாள்களில், மாணவர் தத்தம் இல்லங்களுக்காகத் தொண்டை வறளக் குரல் எழுப்புகின்றனர். ஓட்டத்தில் பின்தங்கியவன் கோட்டைத் தாண்டி ஓடியவனைச் சுட்டி முறையிடுகிறான். கோட்டைத் தாண்டியவன் தன் இல்லத்தவனாயின் வாய் மூடிக்கொள்கிறான். திடலோரத்தில் நிற்கும் ஆசிரியர் காண வேண்டிய இடம் அதுவே. “இவன் நம் இல்லத்தவன்தான், ஆனாலும் கோட்டைத் தாண்டினான்” என்று ஒரு சிறுவன் முன்வந்து சொல்வானாயின், அவனுடைய இல்லம் அன்று ஒரு புள்ளியை இழக்கக்கூடும். இழக்கட்டும். அச்சிறுவனைப் பலரறியப் பாராட்டுவது ஆசிரியர் கடன். நாளை ஒரு சங்கத்தின் நிர்வாகியாகி, ஆவணம் ஒன்றில் கையொப்பமிடும் வேளை வரும்போது, அவன் கை நடுங்காது. பிழையான தாளில் கையொப்பம் இடவும் இடாது.