நெல்லிக்குப்பத்துத் தக்ளியும் நெய்வேலிக் குல்லாவும்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் ஏறினால், கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் ஊர் ஒன்று வழியில் வரும். அதுதான் நெல்லிக்குப்பம், என் பிறந்தகம். 1840-களிலிருந்து பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைதான் அந்த ஊருக்கு அடையாளம். அரைவைக் காலத்தில் தெருவெல்லாம் பாகு வாசனை தூக்கும். அங்கிருந்து பண்ருட்டி, காடாம்புலியூர் என்று பலாத் தோப்பையும் முந்திரித் தோப்பையும் தாண்டி வந்தால் நெய்வேலி ஆர்ச் கேட். உள்ளே நேர்கோடு போட்டாற்போல் சாலைகள், இரு பக்கமும் மரங்கள், எண் போட்ட வட்டங்கள். இது என் புகுந்தகம்.

நெய்வேலியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததாம். பழுப்பு நிலக்கரி இருக்கிறதென்று தெரிய அது ஒரு தொடக்கம். 1956-ல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. வேலைக்காகப் பல மாநிலத்தாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் புட்டு, அடுத்த வீட்டில் பெசரட்டு, அதற்கடுத்த வீட்டில் ரொட்டி!

நான் ஊசியும் உல்லனும் பிடித்ததே இந்த அக்கம்பக்கத்தால்தான். எங்கள் வரிசையில் பீகார் பக்கத்து அம்மாள் ஒருவர் இருந்தார். பிற்பகல் வேலை முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து விடுவார். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குப் பின்னல். "நெய்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்று நாங்கள் சிரிப்போம். "உங்க மார்கழிப் பனி எங்க ஊர்க் குளிருக்குக் குறைச்சல் இல்லே, அம்மா" என்பார். அவரிடம்தான் ப்ளெயின், பர்ல் இரண்டும் கற்றேன். இரண்டே இரண்டு பின்னல். ஆனால் உலகத்து ஸ்வெட்டர் எல்லாம் அந்த இரண்டுக்குள்தான்!

சென்ற மார்கழியில் என் மகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடைக் குறைவான குழந்தை என்பது கணக்கு. அப்படிப்பட்ட குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு கம்மி; உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் பெரிது, ஆகவே தலை வழியாகவும் நிறையச் சூடு போய்விடும். "குல்லா, சாக்ஸ், டயபர் மட்டும் போட்டு, அம்மா மார்போடு ஒட்டி வெச்சுக்கணும். கங்காரு மாதிரி. மேலே போர்வை போட்டுக்குங்க" என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். செலவில்லாத வைத்தியம். என் மாப்பிள்ளையும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் எங்களுக்கு ஒரே கவலைதான்: கால் சில்லென்று இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா?

முதல் குல்லாவைக் கடையில் வாங்கிய பருத்தி நூலில் ஒரே ராத்திரியில் பின்னி முடித்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, "ஏன்டி, நூலைக் காசு கொடுத்தா வாங்குறே? என் தக்ளி பரண்மேலதான் கிடக்குது. எடுத்தாந்து குடு, கொள்ளுப்பேத்திக்கு நான் நூத்துத் தரேன்" என்றாள். அம்மாவுக்கு வயது எண்பத்தைந்து!

அம்மா படித்தது ஆதாரப் பள்ளியில். 1937-ல் வார்தாவில் காந்திஜி முன்வைத்த கல்வித் திட்டம் அது. கைத்தொழிலோடு சேர்த்தே படிப்பு. ஐம்பதுகளில் அம்மாவின் வகுப்பில் நூற்புக்கென்று தனி மணி அடிப்பார்களாம். நூற்பில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் போன ராட்டையைக் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் 'அம்பர்'. எங்கள் கடலூர்க்காரி அஞ்சலையம்மாளைச் சொல்லாமல் விட முடியுமா? 1921-லேயே போராட்டத்தில் இறங்கி, 1927-ல் நீல் சிலையை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்றவர். 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்று காந்திஜியே அழைத்த பெண்மணி.

தக்ளியை எடுத்து வரப் போனேன். பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கிடந்தது. ஒரு சாண் நீளக் கம்பி, அடியில் பித்தளை வட்டு, உச்சியில் சிறு கொக்கி. அவ்வளவுதான். விருத்தாசலம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் தம் நிலத்துப் பருத்தியில் இரண்டு கிலோ கொடுத்தார். (இலவம் பஞ்சு ஆகுமா என்று கேட்காதீர்கள். அது வழுவழுப்பு, முறுக்கு நிற்காது. தலையணைக்குத்தான் லாயக்கு.)

அம்மா சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்ட முறை இது:

பருத்தியைப் பலகைமேல் வைத்து, வழவழப்பான இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை பிதுங்கி வெளியே வந்துவிடும். பிறகு பஞ்சைப் பிசிறு பிசிறாக உதற வேண்டும். அந்தக் காலத்தில் வில்லால் அடிப்பார்கள். எங்கள் வீட்டில் வில்லுக்கு எங்கே போவது? நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் புதிதாக இரண்டு வாங்கி, நடுவில் பஞ்சை வைத்து வாரினேன். மேகம் மாதிரி வந்தது. அதை ஒரு பென்சிலில் சுற்றி உருவினால் பட்டை தயார்.

தக்ளியின் முனையைக் கொட்டாங்குச்சிக்குள் நிறுத்தி வலது கை விரல்களால் சுண்டிச் சுழற்ற வேண்டும். இடது கை பட்டையை மெல்ல மேலே இழுக்கும். பருத்தி இழை ஓர் அங்குலம் அளவுதான் இருக்கும். ஆகையால் முறுக்கு நிறைய ஏற வேண்டும். முறுக்கு கம்மியானால் நூல் பிரிந்து போகும். அதிகமானால் சுருண்டு கொள்ளும். "கண்ணால பார்க்காதேடி, விரல் சொல்றதைக் கேளு" என்பாள் அம்மா. முதல் வாரம் என் நூல் புடலங்காய் மாதிரி ஓரிடம் பருத்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தது. பத்தாம் நாள்தான் விரலுக்குப் பழக்கம் வந்தது. அம்மாவின் நூலோ எழுபது வருஷத்துக்குப் பின்னும் தலைமுடி போல் சீராக!

தினம் ஒரு மணி நேரமாக இருவரும் இருபது நாள் நூற்றோம். ஒற்றை இழையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே நாலு இழையைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்ப்பக்கம் சுழற்றி முறுக்கினோம். பிறகு சிட்டமாகச் சுற்றி, அங்கங்கே கட்டி, துளி சோப்பும் வாஷிங் சோடாவும் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டோம். பருத்தியின் மெழுகு இறங்கித் தண்ணீர் டீ நிறமாகும். பயப்படாதீர்கள், நூல் வெளுத்து, முறுக்கும் நிலைத்துவிடும். நன்றாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

குல்லாவுக்கு வருவோம். கைநூல் ஒவ்வொன்றும் ஒரு பருமன். ஆகவே புத்தகக் கணக்கு உதவாது. 10-ஆம் எண் ஊசியில் 20 கண்ணி போட்டுச் சிறிது பின்னி அளந்து பாருங்கள். எனக்கு 8 செ.மீ. வந்தது. குழந்தையின் தலைச் சுற்றளவு 34 செ.மீ. இழுத்துப் பிடிக்க 2 செ.மீ. குறைத்து 32-க்குக் கணக்கிட்டால் 80 கண்ணி. ஒரு ப்ளெயின், ஒரு பர்ல் என்று 3 செ.மீ. பார்டர். பிறகு ஒரு வரி ப்ளெயின், ஒரு வரி பர்ல் என்று மொத்தம் 9 செ.மீ. உயரம் வரை. அடுத்து 8 கண்ணி பின்னி 2-ஐச் சேர்த்து ஒன்றாக்குங்கள். வரி முழுதும் இப்படியே. திரும்பும் வரி பர்ல். அடுத்து 7 பின்னி 2 சேர்க்க, அதற்கடுத்து 6 என்று குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் 8 கண்ணி மிஞ்சும். நூலை அவற்றுக்குள் கோத்து இழுத்து முடிச்சிட்டு, பக்கத்தைத் தைத்து விடுங்கள். தையல் மேடு வெளிப்பக்கம் இருந்தால் பிஞ்சுத் தலையை உறுத்தாது. எடை போட்டேன்: 22 கிராம்!

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். கழுத்தில் கட்டும் நாடா, பொத்தான், குஞ்சம் எதுவும் குல்லாவில் வேண்டாம். கையுறை, சாக்ஸ் போட்டால் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஓர் இழை பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் விரல்களைப் பாருங்கள். அக்ரிலிக் உல்லன் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியக் கூடியதுதான். விளக்கு, சாம்பிராணிப் பக்கம் இரண்டுமே கூடாது. சாம்பிராணிப் புகையே குழந்தையின் மூச்சுக்கு நல்லதல்ல. எடை தேறி, வீட்டுக்கு வந்து, வெயிலும் ஏறிவிட்டால் வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். சூடு மிஞ்சினாலும் ஆபத்துதான். பிடரியில் கை வைத்துப் பார்த்தால் வியர்வை இருக்கிறதா என்று தெரியும்.

எங்கள் பேத்தி இப்போது நாலரைக் கிலோ. கைநூல் குல்லா அவளுக்குச் சிறிதாகிவிட்டது. கடையில் முப்பது, நாற்பது ரூபாய்க்குக் குல்லா கிடைக்கும்போது இருபது நாள் எதற்கு என்று கேட்பீர்கள். கணக்குப் பார்த்தால் கட்டாதுதான். ஆனால் அந்த இருபது நாளில் அம்மா என்னோடு பேசிய பேச்சு, அதற்கு முன் இருபது வருஷத்தில் பேசவில்லை. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. என் மகளும் குழந்தையை மார்பில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தை விட்டுப் போனதை நான் பார்த்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தக்ளி இருக்கலாம். அதைச் சுழற்றத் தெரிந்த கையும் அருகில் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுப் பாருங்களேன்!