ஊரில எவடம்?

லண்டன் செவன் கிங்ஸில் தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது "ஊரில எவடம்?" என்பதுதான். "யாழ்ப்பாணம், நல்லூர்ப் பக்கம்" என்று சொல்லியே வந்தேன். அது பொய். நல்லூரில் எனக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கொக்கிளாய்க் களப்போரம் கிடக்கும் கொக்குத்தொடுவாயில் பிறந்தவன். பட்டிக்காரரின் மகன்.

களப்பைத் தாண்டினால் திருகோணமலை மாவட்டம். இந்தப் பக்கம் மழையை நம்பிய காலபோக வயல்கள், சிறு குளங்கள், காடு. விதைப்பு முடிந்ததும் மாடுகளைக் காட்டுத் தரவைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடைக்குப் பிறகு அதே மாடுகள் வயலுக்குத் திரும்பி அடிக்கட்டையில் மேயும். அந்தச் சாணம்தான் அடுத்த போகத்துக்குப் பசளை. தூரத்தில் வரும் மாட்டின் நடையைப் பார்த்தே அது யாருடைய பட்டி என்று ஐயா சொல்லுவார். குறி பார்க்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட மனிதரை "மாடு மேய்ச்சவர்" என்று யாராவது இங்கே இளக்காரமாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். எங்கள் வன்னிப் பகுதி ஆட்கள் என்றால் காட்டார் என்ற பேச்சைப் படிக்கப்போன இடத்திலேயே கேட்டவன் நான். அதற்கு எதிர்த்துப் பேசாமல், பேசியவர்களின் பக்கம் போய் நின்றுகொண்டேன். மனைவிக்கு உண்மை தெரியும். வெளியில் சொல்லாதே என்று அவளையும் தடுத்தேன்.

1984 நவம்பர் 30 அன்று எங்கள் ஊருக்கு அப்பால் மணலாற்றுப் பகுதியில் இருந்த கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து அந்த டிசம்பரிலேயே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்களை இராணுவம் வெளியேற்றியது. எங்கள் நெல் அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. ஐயா கன்றுகளை அவிழ்த்துவிட்டு, பட்டியின் கடப்பைத் திறந்துவிட்டுத்தான் புறப்பட்டார். அவை பட்டினி கிடந்து சாகக்கூடாது என்பதே அவர் கவலை. 1988இல் மணலாறு வெலிஓயாவாகி மகாவலித் திட்டத்துக்குள் போனது. போர் முடிந்த பிறகுதான் எங்கள் சனம் ஊர் திரும்பியது. ஐயா அதற்கு முன்பே முள்ளியவளையில் கண்மூடிவிட்டார்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கடினம். நான் நாட்டைவிட்டு வரும்போது வயற்காணிப் பேர்மிட்டை ஐயா என் கையில் தந்திருந்தார். அங்கே இருந்தால் ஷெல்லடியில் தொலைந்துவிடும் என்று நினைத்தார். மீள்குடியேற்றத்தின்போது அண்ணை அதைக் கேட்டுத் தொலைபேசி எடுத்தார். "தேடிப் பார்க்கிறன்" என்றேன். தேடவே தேவையில்லை, அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. அனுப்பினால் காணி என் பேரிலும் வரும், நான் ஊருக்குப் போகவேண்டிவரும், இங்கே கட்டிவைத்த பொய் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அண்ணை திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருமுறையும் கோபிக்கவில்லை. கடைசியில் நான் அனுப்பியபோது அந்த வயலில் வேறு ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பேர்மிட் வைத்திருந்தவர்களும் அங்கே வயலை இழந்திருக்கிறார்கள். நேரத்தோடு அனுப்பியிருந்தாலும் காணி கிடைத்திருக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் அண்ணை வெறுங்கையோடு அலுவலகத்தில் போய் நின்றதற்கு நான்தான் காரணம்.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 2024இல் அகழ்வு முடிந்தபோது எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் 52. செய்தியில் அந்தப் பெயரைக் கேட்ட மகள், "அப்பா, இது எங்க இருக்கு?" என்றாள். "வன்னியில எங்கயோ" என்றேன். அதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மறுநாள் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணைக்கும் அலுமாரித் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும், தம்பி" என்றார்.

காணிப் பிரச்சினை எங்கள் ஊரோடு நிற்கவில்லை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் மேய்ச்சல் தரைக்காகத் தெருவில் போராட உட்கார்ந்தார்கள். எல்லைக் கிராமத்தவருக்குப் பழைய தாள் ஒவ்வொன்றும் தேவைப்படும் காலம் இது. இங்கே ஹை ரோட்டில் என்னோடு நடமாடும் உங்களில் யாரிடமாவது அப்படியொரு பேர்மிட்டோ, உறுதியோ, மாட்டுக் குறித் துண்டோ, வயல் வரி ரசீதோ இருந்தால், இன்றைக்கே படம் எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.