கடப்பாரைக்கு எட்டும் ஆழம்

தக்காணத்து எரிமலைக் குன்றுகளின் சரிவில் ஒரு முழத்துக்கும் குறைந்த கனத்தில் படிந்திருக்கும் களிமண்ணைப் பற்றி, மண் அளவைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. அந்த மண்ணை நாங்கள் அளக்கும் விதம் போதாது. ‘ஆழம் குறைந்த களிமண்’ என்று எழுதி, படத்தில் அதற்கென ஒரு நிறத்தையும் தீட்டிவிட்டால், அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் ஒரு பாதியைத்தான் சொன்னவர்கள் ஆகிறோம். மற்றப் பாதி அம்மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

ஏறத்தாழ ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் பிளவுகளிலிருந்து அடுத்தடுத்துப் பெருகி வழிந்து உறைந்த எரிமலைக் குழம்புதான், இன்று மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியையும் அண்டை மாநிலங்களின் சில பகுதிகளையும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பசால்ட் பாறையாகக் கிடக்கிறது. அந்தக் குழம்பு ஒரே வெள்ளமாக வந்ததன்று. ஒன்று பாய்ந்து ஆறிய பிறகு அதன்மீது இன்னொன்று என்று அடுக்கடுக்காக வந்தமையால், துளையே இல்லாத வைரம் போன்ற கடினப் பாறை ஓரடுக்கிலும், வாயுக் குமிழிகள் விட்டுச் சென்ற துளைகளில் வெள்ளைப் படிகங்கள் நிறைந்த இளகிய பாறை அடுத்த அடுக்கிலும் மாறிமாறி அமைந்தன. சஹ்யாத்ரிக் குன்றுகள் செங்குத்தாக இறங்கி, சற்றே சமமாக நடந்து, மறுபடியும் செங்குத்தாக இறங்கும் தோற்றத்துக்கு இந்த மாற்றமே காரணம். மராட்டியர்களின் கோட்டைகள் பல அந்தக் கடின அடுக்குகளின் விளிம்பையே மதிலாகக் கொண்டு நிற்பவை.

மண்ணுக்கும் இதுவே பிறப்பிடம். பசால்ட்டில் மணலாக மிஞ்சக்கூடிய குவார்ட்ஸ் ஏறக்குறைய இல்லை. சுண்ணாம்பும் மக்னீசியமும் செறிந்த, எளிதில் சிதைகின்ற கனிமங்களே உண்டு. ஆகையால் அது மட்கும்போது மணல் விளைவதில்லை, களி விளைகிறது. அதுவும் நீரை உண்டு வீங்கி, வறண்டு சுருங்கும் சுபாவமுள்ள ஸ்மெக்டைட் களி. மகாபலேஸ்வரத்தைப் போல் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் சிகரங்களில் அந்தக் களியின் சாரம் யாவும் கரைந்தோடி, செம்புரைக்கல் மட்டுமே எஞ்சுகிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கி, மழை 500, 600 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகின்ற அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்), சோலாப்பூர் வட்டாரங்களுக்கு வந்தாலோ, சாரம் கரைந்துபோக நீர் போதாமையால் களி களியாகவே நிலைக்கிறது. நிலைத்த களியும் சரிவில் தங்குவதில்லை; ஆண்டுதோறும் நுண்ணிய பகுதி மழைநீரோடு இறங்கிப் பள்ளத்தை நிரப்ப, மேட்டில் பத்து, இருபது, முப்பது சென்டிமீட்டர் கனமே மிச்சமாகிறது. (கரிசல் என்றாலே எரிமலை மண் என்று நம்மவரில் பலர் எண்ணுவதுண்டு. கோவில்பட்டிக் கரிசலுக்கும் கோவைக் கரிசலுக்கும் எரிமலையோடு சம்பந்தமில்லை. அவை வேறு பாறைகளின்மேல் வேறு வழியில் உண்டானவை. நான் சொல்வது தக்காணத்துச் சரிவைப் பற்றி மட்டுமே.)

அந்நாட்டு உழவர்கள் பள்ளத்துக் கறுப்பு மண்ணைக் ‘காளி’ என்றும், மேட்டுச் சரளை மண்ணைப் ‘பரட்’ என்றும், அதன் அடியில் கிடக்கும் பாதி மட்கிய பாறையை ‘முரும்’ என்றும் வழங்குவார்கள். இவற்றுள் முரும் என்னும் பொருளை அறியாதவன், எத்தனை நூல்கள் கற்றிருப்பினும், அந்தச் சரிவை அறிந்தவன் ஆகமாட்டான். அது பாறையும் அன்று, மண்ணும் அன்று. கையால் நெரித்தால் பொடியும். ஆனால் பாறையாயிருந்தபோது இருந்த அமைப்பும் வெடிப்புகளும் கலையாமல் அப்படியே இருக்கும். சாலை போடுகிறவர்கள் அதை வண்டி வண்டியாக அள்ளிச் செல்லுகிறார்கள். வேர்களோ அதற்குள் வழி தேடி இறங்குகின்றன.

குழி தோண்டும்போது கண்ணுக்கு முன்னே காதுதான் செய்தி அறிகிறது. கடப்பாரை களிமண்ணைத் தாண்டி முருமில் இறங்கும்போது மந்தமான ஒலி கேட்கும். கடினப் பாறையில் படும்போது கணீரென்று ஒலித்து, அதிர்ச்சி முழங்கை வரை ஏறும். ஆனால் அந்தக் கணீர் ஒலியையும் உடனே நம்பிவிடலாகாது. பசால்ட் பல இடங்களில் வெங்காயத்தின் தோலைப் போல் சுற்றுச் சுற்றாக உரிந்து மட்குவது. புறத்தோல்கள் முழுவதும் முருமாகிவிட்ட பின்னரும் நடுவே உருண்டைக் கல்லொன்று வைரமாக நிற்கும். கடப்பாரை அந்தக் கல்லின் உச்சியில் பட்டால், பாறை வந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஓர் அடி தள்ளிக் குந்தாலியால் வெட்டினால், கல்லின் விலாப்பக்கம் தெரியும். அதற்கு அப்பால் முரும் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கிச் செல்வதும் தெரியும். துளைக்கருவி கொண்டு மட்டும் ஆழம் பார்க்கும் வழக்கத்தை இந்தச் சரிவுகளில் நான் ஏற்பதே இல்லை. முதற்கல்லிலேயே அது நின்றுவிடுகிறது, அது நின்ற இடமே ஆழம் என்று ஏட்டிலும் ஏறிவிடுகிறது.

களியின் அளவிலும் இப்படியொரு மயக்கம் நேர்வதுண்டு. ஈர மண்ணை உள்ளங்கையில் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளிப் பார்த்தால், இந்த மேட்டு மண் முறியாமல் நீண்டு வரும். ஆய்வுக்கூடமும் ஐம்பது சதவீதம் களி என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, சரளையை ஒதுக்கிய பின் எஞ்சிய மண்ணைப் பற்றிய பதில் அது. குழிச் சுவரில் சரிபாதி சரளையாக இருக்குமானால், அந்நிலத்தின் மொத்தத்தில் களி கால் பங்குதான். நீர் தாங்கும் சக்தியும் அவ்விகிதமே குறையும். சரளையின் பங்கைக் குழியருகில் நின்று கண்ணால் மதித்து எழுதுகிற அந்த ஒரு வரி விடுபட்டால், பிறகு எத்தனை நுட்பமான இரசாயனப் பரிசோதனையும் அதை ஈடு செய்யாது.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே சரிவில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இரண்டு குழிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் முப்பது சென்டிமீட்டர் களிமண். நிறமும் ஒன்று, பிசைந்தால் கைக்குத் தெரியும் பதமும் ஒன்று. ஒரு குழிக்கு அடியில் கடினப் பசால்ட். மற்றதற்கு அடியில் முரும். சரளையில்லாத முப்பது சென்டிமீட்டர் களி, பயிருக்கு உதவும்படி சுமார் 45 முதல் 60 மில்லிமீட்டர் நீரைத்தான் வைத்திருக்கும். வெயில் நாளில் பயிர் நாளொன்றுக்கு நாலைந்து மில்லிமீட்டர் குடிப்பதாகக் கணக்கிட்டால், அது பத்துப் பன்னிரண்டு நாளைக்கு வரும். மழை ஓய்ந்து இரண்டு வாரங்கள் சென்றபின் கடினப் பாறையின்மேல் நிற்கும் கம்பு வாடித் தலை சாய்கிறது. முருமின்மேல் நிற்கும் கம்பு வாடுவதில்லை. அதன் வேர்கள் முருமின் வெடிப்புகளில் நுழைந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. அங்கே வெட்டியெடுத்த முரும்கட்டியைப் பிளந்தால், இரண்டு தட்டுகளுக்கிடையே காகிதம்போல் நசுங்கித் தட்டையான வெள்ளை வேர்களைப் பிரத்தியட்சமாகக் காணலாம். அடைமழையிலும் நேர்வது இதன் மறுபக்கமே. வறண்ட களி முதல் மழையைத் தன் வெடிப்புகளின் வழியே தாராளமாக விழுங்குகிறது; வீங்கி வெடிப்புகளை மூடிக்கொண்ட பிறகு ஒரு துளிக்கும் எளிதில் வழிவிடுவதில்லை. அடியில் கடினப் பாறை இருந்தால், உள்ளே சென்ற நீரும் வடியாமல் பயிரின் வேரை மூச்சடைக்கச் செய்து, பாறையின் முகத்தோடு ஊர்ந்து, சரிவின் கீழே எங்கோ ஊற்றாகக் கசிகிறது. வெள்ளத்தாலும் வறட்சியாலும் ஒரே பருவத்தில் ஒரே பயிர் துன்புறும் விசித்திரத்தை நான் அந்தப் பாறைமேட்டு வயல்களில்தான் கண்டேன்.

சாஸ்திரம் இந்த வேற்றுமையை அறியாததன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை 1975இல் வெளியிட்ட மண் வகைப்பாட்டு நூலே, மண்வெட்டிக்கு மசியாத பாறைத் தொடர்பையும், மண்வெட்டியால் வெட்டக்கூடிய இளகிய பாறைத் தொடர்பையும் வெவ்வேறு பெயர் தந்து பிரித்திருக்கிறது. களத்தில் அதைக் குறிப்பவர்களும் உண்டு. ஆனால் குறிப்பேட்டிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து கிராமத்துக்கான சிபாரிசுக்கும் அந்தச் செய்தி பயணம் செய்வதில்லை. 1:50,000 அளவுள்ள படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 25 ஹெக்டேர் நிலம். அந்த இருபத்தைந்து ஹெக்டேரில் ஒரு குன்றின் நெற்றி, தோள், மடி, அடிவாரம் யாவும் அடங்கிவிடலாம். உச்சியிலிருந்து பள்ளம் வரை மண் ஒன்றையொன்று சார்ந்த சங்கிலியாக மாறுவதை ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆராய்ந்து ஜெஃப்ரி மில்ன் 1935இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக நடந்தே அறிய வேண்டும், அதுவும் மேலிருந்து கீழே நடந்து. கீழிருந்து தொடங்குகிறவனுக்கு மேட்டு மண் பள்ளத்து மண்ணின் குறைபட்ட பிரதியாகத் தோன்றும். மேலிருந்து இறங்குகிறவனோ, பள்ளத்தின் ஆழம் முழுவதும் மேடு இழந்தது என்பதைத் தன் காலாலேயே உணர்வான்.

கட்டைமண் என்று தள்ளிவைக்கப்பட்ட இந்த மேடுகள் தகுந்த பயிருக்குத் துரோகம் செய்வதில்லை. ஆழ்ந்த காளி மண், மழைக்காலத்து நீரைச் சேமித்து வைத்துப் பின்பருவச் சோளத்தைக் காப்பாற்றும். பரட் மண்ணுக்கு அந்தச் சேமிப்பு இல்லையாதலால், மழையோடு தொடங்கி மழையோடு முடிகின்ற கம்பு, கொள்ளு, நரிப்பயறு ஆகியவற்றையே அங்கு விதைப்பது வழக்கம். சீத்தா மரம் யாரும் நடாமலே அங்கு வளர்கிறது. சோலாப்பூர் மாவட்டத்தில், சாங்கோலா வட்டாரத்தில், மாதுளை தழைத்தது பெரும்பாலும் முரும் கலந்த மேட்டு நிலங்களில்தான். சொட்டுநீர் வந்த பிறகு, நீர் தேங்காத அந்த முருமே மாதுளையின் வேருக்கு வரப்பிரசாதமாயிற்று. கனத்த காளி மண்ணில் நட்டவர்கள் பலர் வாடல்நோயோடு போராடினார்கள்.

மேட்டிலிருந்து இறங்கிய மண்ணை மேட்டுக்கே திருப்பும் முயற்சியும் உண்டு. குளங்களின் வண்டலை வாரி வயலில் பரப்பும் பழைய வழக்கத்தை மகாராஷ்டிர அரசு 2017 முதல் ஒரு திட்டமாகவே நடத்துகிறது. அதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும் அடியில் முரும் உள்ள வயலுக்கே வண்டலை முதலில் கொடுக்க வேண்டும் என்பேன். வடிகால் இல்லாத கடினப் பாறைமீது மேலும் களியைக் கொட்டினால், தேங்கும் நீர்தான் கூடும். இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிவைச் சமப்படுத்துகிறேன் என்று, ஒரு பக்கத்து மேல்மண்ணை அடியோடு வழித்து மறுபக்கத்தில் குவிப்பதோ, என் மனத்தை மிகவும் வருத்துகிற காரியம். வழிக்கப்பட்ட பக்கத்தில் எஞ்சுவது பாறையா முருமா என்று முன்னமே பார்ப்பவர் அரிது. முருமாயின் உழவும் எருவும் பல ஆண்டுகளில் அதை ஓரளவு மண்ணாக்கும். பாறையாயின் அந்த வயலின் கதை அன்றோடு முடிந்தது.

ஆகையால் இளைய அளவையாளர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது இரண்டு காரியங்களை வற்புறுத்துவேன். குழி முருமைத் தொட்டவுடன் தோண்டுவதை நிறுத்தாமல், வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைக் கண்டு, மண்ணின் ஆழம் ஒன்று, வேரின் ஆழம் ஒன்று என்று இரண்டு எண்களை எழுத வேண்டும். வேனிலில் வெடிப்புகளைப் பார்ப்பதற்காகத் தோண்டிய அதே சரிவில், ஆகஸ்டு மாதத்து மழைக்கிடையே வேறொரு குழியும் தோண்ட வேண்டும். களியும் அடிப்பாறையும் சந்திக்கும் கோட்டில் நீர் கசிந்து குழிக்குள் சேர்கிறதா, சுவடின்றி முருமுக்குள் இறங்கிவிடுகிறதா என்பது அப்போது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.