ரெண்டும் ஒண்ணுதான்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். பிரிண்டர் மக்கர் செய்தாலும் வைஃபை நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததை முழுதாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2019. அக்கா மகள் கல்யாண வீடியோ எடிட்டிங் தொடங்கியிருந்தாள். கிராஃபிக்ஸ் கார்டு வாங்க ஆறு மாத டியூஷன் காசைச் சேர்த்து வைத்திருந்தாள். சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போனேன். அதுவரை நான் எந்த கார்டையும் கையில் தொட்டதுகூட இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

“ஜிடி 1030” என்றேன். எங்கோ காதில் விழுந்த பெயர். கடைப் பையன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

“ஜிடிடிஆர்5-ஆ, டிடிஆர்4-ஆ சார்?”

எனக்குப் புரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன வித்தியாசம் தம்பி?” என்று கேட்டிருக்கலாம். பையன் சொல்லியிருப்பான். அவள் முன்னால் கேட்க வாய் வரவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதான். விலை கம்மியா இருக்கறத குடு.”

“சரி மாமா” என்று பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

ஒன்றல்ல. 2017இல் வந்த ஜிடிடிஆர்5 கார்டின் மெமரி நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். 2018இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 கார்டு 16.8 ஜிபிதான் கடத்தும். எந்த மெமரி என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்றும் நான் யோசிக்கவில்லை. எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுக்கும் எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் வீடியோ என்கோடர் 1030இல் எந்த வகையிலும் கிடையாது. 1050 டிஐ கார்டில் உண்டு. இன்னும் கொஞ்சம் பணம் சேரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் போட்டால் விடிய விடிய ஓடியது. “வைரஸா இருக்கும்” என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். அதில் இரண்டு நாள் போனது. ஒரு கல்யாண வீடியோ சொன்ன தேதிக்குப் போய்ச் சேரவில்லை. பெண் வீட்டார் பேசிய தொகையில் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழுததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவுதான் முதன்முதலாக உட்கார்ந்து கார்டுகளைப் பற்றிப் படித்தேன். எல்லாம் புரிந்தது.

மறுநாள் அவளே கேட்டாள்: “கார்டுல ஏதாவது பிரச்சினையா மாமா?”

“கார்டு நல்ல கார்டும்மா. ரேம்தான் பத்தல.”

கடையில் பேசியது வீம்பு. இது தெரிந்தே சொன்ன பொய். நம்பி இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கினாள். எக்ஸ்போர்ட் பழையபடியே விடிய விடிய ஓடியது. தனக்குத்தான் எடிட்டிங் சரியாக வரவில்லை என்று நினைக்க ஆரம்பித்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு ரேம் வாங்கிய தொகையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். தீபாவளிக் காசு என்றேன். காலில் விழுந்து வாங்கிக்கொண்டாள். நானும் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றேன்.