எட்டு ஆண்டு வாக்கு

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களிடம் பிறர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்? வழியில் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? பேட்டரி போய்விட்டால் எவ்வளவு செலவாகும்? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது கேள்வி வரும்போது மட்டும், "அதற்கு எட்டு வருஷம் வாரண்டி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். அப்படித் திருப்பாமல் ஒருமுறையாவது முழுவதையும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறோம்.

எழுதுவது கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான். எங்கள் கருத்து பிரியும் இடங்களில் மட்டும் 'எங்களில் ஒருவர்' என்று வரும். அது யார் என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய விவகாரம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் மடிப்பாக்கத்துவாசிகள். 2021ல் வண்டி வாங்கினோம். சுற்றுச்சூழல் பற்றிய அக்கறை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டாலும், உண்மையான காரணம் அம்மாதான். (எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார்.) அவருக்கு வாரம் இருமுறை, புதனும் சனியும், டயாலிசிஸ். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து திரும்பும்போது பழைய பெட்ரோல் வண்டியின் உறுமலும் கிளட்ச்சின் உதறலும் அவருக்குக் குமட்டலைக் கொடுத்தன. மின்சார வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டில் பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் அப்போது சாலை வரியும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம், துணிந்துவிட்டோம். முதல் நாள் பச்சை எண்பலகை மாட்டிய வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்த அம்மா, வண்டி தெருமுனையைத் தாண்டிய பிறகு, "எப்ப கெளம்பப் போறோம்?" என்று கேட்டார். எங்களுக்கு அதைவிடப் பெரிய நற்சான்று தேவைப்படவில்லை.

வருத்தப்பட்டவர் ஒருவர் உண்டு. பதினான்கு ஆண்டுகள் எங்கள் பழைய வண்டியைக் கட்டிக்காத்த மெக்கானிக் பாய். புது வண்டியைக் காட்டப் போனபோது முன்மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார், அருங்காட்சியகத்தில் நிற்பவர் போல.

"ஆயில் மாத்த வேணாம். ஸ்பார்க் ப்ளக் இல்ல. கிளட்ச் இல்ல. சைலன்சர் இல்ல. அப்ப நான் எதுக்கு சார்?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்களைச் சுட்டி, "இது ஆளையே தூக்கிடும்னு டிவில பாத்தேன். இதுக்குப் படிச்சவன்தான் வரணும்" என்றார். ஒரு மூலையில் இருந்த சிறிய பேட்டரியைப் பார்த்ததும் மட்டும் முகம் மலர்ந்தது. "அட, இவன் இங்கயும் இருக்கானா!"

அந்தச் சிறிய பேட்டரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு பேட்டரிகள். இருக்கைகளுக்கு அடியில் பரந்து கிடக்கும் பெரிய லித்தியம் பேட்டரி சக்கரத்தைச் சுழற்றுகிறது. எல்லாப் பெட்ரோல் வண்டிகளிலும் இருக்கும் அதே பன்னிரண்டு வோல்ட் ஈய அமில பேட்டரி, கதவுப் பூட்டு, விளக்கு, கணினி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. வண்டி அணைந்திருக்கும்போது பெரிய பேட்டரி பாதுகாப்புக் கருதி மொத்தமாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அதை மீண்டும் இணைக்கும் சுவிட்சுகளுக்கு உயிர் கொடுப்பது சின்னவன்தான். அவன் படுத்துவிட்டால், உள்ளே நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் இருந்தாலும் வண்டி வெறும் இரும்பு.

முதல் இரண்டாண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. சர்வீஸ் என்று அழைப்பு வரும், போவோம். ஏசி வடிகட்டி, பேட்டரியைக் குளிர்விக்கும் திரவத்தின் அளவு, பிரேக் ஆயில், சக்கரங்களின் சீரமைப்பு, கணினியில் புதிய மென்பொருள். அவ்வளவுதான். காலை மிதியிலிருந்து எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பிரேக் கட்டைகள் தேய்வதே இல்லை. டயர்கள்தாம் அதற்கும் சேர்த்துத் தேய்ந்தன. வண்டியின் எடை அப்படி. வீட்டு மின்கட்டணத்தில் ஒரு பாடம் கற்றோம். இரண்டு மாதக் கணக்கில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் அல்லாமல் கீழே உள்ளவற்றுக்கும் விகிதம் கூடுகிறது. வண்டி வந்த பிறகு நாங்கள் தாண்டிக்கொண்டே இருந்தோம். அப்படியும் பெட்ரோல் செலவில் கால்பங்கைத் தொடவில்லை.

பழகாத ஒன்று சர்வீஸ் நிலையத்தின் கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் குளிர்சாதனம், காப்பி, சோபா. அந்தப் பக்கம் நம் வண்டி. அங்கே ஒருவர் மடிக்கணினியை வண்டியோடு இணைத்து எதையோ படித்துக்கொண்டிருப்பார். பாயின் பட்டறையில் நாங்கள் ஸ்டூலில் அமர்ந்திருக்க, அவர் கழற்றிய ஒவ்வொன்றையும் கொண்டுவந்து காட்டுவார். கையில் வாங்கிப் பார்த்தால் நமக்கும் கிரீஸ் ஒட்டும். ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டுவோம். வேலையைத் தொடங்குமுன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன பண்ணுனீங்க? மறைக்காம சொல்லுங்க."

வாரண்டிப் புத்தகத்தை நாங்கள் முழுதாகப் படித்தது 2023 டிசம்பரில்தான்.

மிக்ஜாம் புயலை ஒட்டிய பெருமழை டிசம்பர் மூன்றாம் தேதி, ஞாயிறு இரவு பிடித்தது. 2015ஐப் பார்த்தவர்கள் எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். வண்டியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனோம். புறப்படத் தாமதித்துவிட்டோம். தெருமுனையில் முழங்காலளவு தண்ணீர். நின்று யோசித்தால் ஏறிவிடும் என்று மெதுவாக ஓட்டிக் கடந்தோம். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் உரசும் ஓசை கேட்டது. இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் அது மிகத் தெளிவாகக் கேட்டது. பாலத்தின் மேல் ஏற்கெனவே நீண்ட வரிசை. ஓரமாக நிறுத்தி, இருட்டில் வேறு யாரும் வந்து மோதிவிடக் கூடாதே என்று நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டு, மழையில் நடந்து வீடு திரும்பினோம்.

திங்களன்று தரைத்தளம் மூழ்கியது. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. நாங்கள் முதல் மாடி. செவ்வாயன்று மழை ஓய்ந்த பிறகும் தண்ணீர் வடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டிய நீர் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது. அம்மா குடிக்கும் தண்ணீரை டம்ளரால் அளந்து கொடுத்தோம். டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனாலும் உடலில் சேரும் நீர் மூச்சை அடைக்கும் என்பது அவர் உட்பட மூவருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை.

புதன் காலை தெருப் பையன்கள் நால்வர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றினார்கள். எங்களில் ஒருவர் அவருடன் வர, மற்றவர் முன்னதாகவே பாலத்துக்கு நடந்தார். வண்டி திறக்கவில்லை. சாவியின் உள்ளே இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து அமர்ந்து, பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு ஒளிகூட இல்லை. முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்தது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. பெரிய பேட்டரிக்குள் நீர் இறங்கிவிட்டது என்றே முடிவு செய்தோம். நிறுவனத்தின் உதவி எண் ஒருவழியாகக் கிடைத்தபோது, இத்தகைய வண்டியைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கக் கூடாது, ஏற்றிச் செல்லும் லாரி வர மூன்று நாளாவது ஆகும், அதுவரை வெளியார் யாரையும் தொடவிட வேண்டாம், வாரண்டிக்குப் பாதகமாகலாம் என்றார்கள். சொன்ன பெண்ணைக் குறை சொல்ல மாட்டோம். அன்று அவர் எத்தனை பேருக்கு அதையே சொன்னாரோ.

அம்மா பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்களில் ஒருவர் பாயைத் தேடிப் போனார்.

பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். தம்முடைய கருவிகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, அதன் மேலேயே அவரும் அமர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அதே கேள்வி: "என்ன பண்ணுனீங்க?" சொன்னோம். தண்ணீரில் ஓட்டியது, நிறுத்தியது, விளக்கை மினுக்கவிட்டது. "எத்தனை நாளா மினுக்குது?" என்றார். மூன்று இரவு. அவர் வேறொன்றும் கேட்காமல் பரணிலிருந்து ஒரு பேட்டரியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

பாலத்தில் முன்மூடியைத் திறந்து, சின்னவன் மேல் கையை வைத்தபடி எங்களைப் பார்த்தார். "தொடட்டுமா? பேப்பர் எல்லாம் இருக்குல்ல உங்களுக்கு?" வாரண்டியைத்தான் சொல்கிறார். அம்மா பக்கம் பார்த்துவிட்டு, தொடுங்கள் என்றோம். ஆரஞ்சுக் கேபிள்கள் இருந்த திசைக்கே கை போகாமல், இரண்டு ஒயர்களை மட்டும் இணைத்தார். திரை ஒளிர்ந்தது. அறுபத்திரண்டு விழுக்காடு சார்ஜ், தயார் என்றது. பெரிய பேட்டரி எந்தக் குறையும் இல்லாமல் காத்திருந்திருக்கிறது. அதை எழுப்பத்தான் ஆளில்லை.

மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியது. பாய் பணம் வாங்கவில்லை. பேட்டரியை மட்டும் மறக்காமல் திருப்பித் தரச் சொன்னார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டோம்.

பத்து நாள் கழித்துச் சர்வீஸ் நிலையத்தில் வரிசையில் நின்றோம். சின்ன பேட்டரியை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான தனி வாரண்டி முன்பே முடிந்திருந்ததால் காசு கொடுத்துத்தான். வெள்ளத்துக்குப் பிறகு வரும் எல்லா வண்டிகளுக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். அதில் ஒரு வரி: வண்டி தேங்கிய நீரில் நின்றதா, அல்லது ஓட்டப்பட்டதா? படிவத்தை வைத்திருந்த இளைஞர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "பாலத்து மேலதான சார் நின்னுச்சு? இல்லைன்னே போட்டுரலாமே" என்றார். நல்ல பிள்ளை. எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார்.

வாரண்டிப் புத்தகம் அதற்குள் எங்களுக்குப் பாடமாகியிருந்தது. பெரிய பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. வெள்ளம், நீர்ப்புகல் ஆகியவற்றால் வரும் சேதம் அதில் சேராது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரச்சான்று உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகக் கூடாது என்பது அதன் பொருள். ஆனால் அது சோதனைச்சாலை நீர். எங்கள் தெருவில் ஓடியது என்ன நீர் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்களில் ஒருவர், 'இல்லை' என்றே எழுதலாம் என்றார். பத்து நிமிடம்கூட நாம் தண்ணீரில் இல்லை. பேட்டரியில் கோளாறு இல்லை என்று கண்முன் தெரிகிறது. 'ஆம்' என்று எழுதினால் ஐந்து ஆண்டு கழித்து வேறெதனாலோ கெட்டாலும் இந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். புது பேட்டரியின் விலை அம்மாவின் பல ஆண்டு மருத்துவச் செலவு. ஒவ்வொரு சொல்லும் நியாயம். மற்றவர், வண்டியின் கணினி எல்லாவற்றையும் பதிந்துவைத்திருக்கும், பொய் சொல்லி அகப்பட்டால் இன்னும் மோசம் என்றார். அதுவும் நியாயந்தான். ஆனால் சொன்னவருக்கே அந்தக் காரணம் கூச்சமாக இருந்தது. கணினி பதியாவிட்டால் சொல்லியிருப்போமா? பரணிலிருந்து இறங்கி வந்த பாயிடம் நாம் எதையும் மறைக்கவில்லையே. அங்கே எந்தக் கணினி இருந்தது?

'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இருவரும்.

அன்று மாலை வரை சோதித்தார்கள். உயர் அழுத்த மின்சுற்று வண்டியின் உடலோடு எங்காவது கசிகிறதா என்று காப்பெதிர்ப்பை அளந்தார்கள். இணைப்பிகளைத் திறந்து ஈரம் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. எனினும் வண்டியின் சேவைப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ந்துவிட்டது: நீரில் ஓட்டப்பட்டதாக உரிமையாளர் தெரிவித்தார். பிற்காலத்தில் பேட்டரி கெட்டால் இந்த வரி எங்களுக்கு எதிராக நிற்குமா என்று கேட்டோம். அந்த நேரத்தில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார் மேலாளர். நேர்மையான பதில் என்றே எடுத்துக்கொண்டோம்.

வாரண்டி 2029ல் முடிகிறது. அதுவரை அந்த வரி அங்கேயே இருக்கும். 'இல்லை' என்று எழுதச் சொன்னவர் இன்றும், பேட்டரி அளவு வழக்கத்தைவிட ஒரு விழுக்காடு குறைவாகக் காட்டினால், மற்றவரை ஒரு பார்வை பார்ப்பதுண்டு. மற்றவர் சாலையைப் பார்ப்பார்.

புதனும் சனியும் வண்டி போய்வந்துகொண்டிருக்கிறது. பின்பெட்டியில் சின்ன பேட்டரியை எழுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை வைத்திருக்கிறோம். பாய்தான் வாங்கச் சொன்னார். அதை எப்படி இணைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மா திரும்பும் வழியில் தூங்கிவிடுகிறார். வீடு வந்ததைச் சொல்லித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.