பேராதனை ‘வள’: பள்ளத்துக்குள் ஒரு நாடக மேடை!

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், ஏரியைச் சுற்றுவார்கள், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். என் பிளானும் அதுதான். அதை மாற்றியவர் நான் ஏறிய த்ரீவீலரின் டிரைவர். மலையகத் தமிழர்.

“பூங்கா எங்கயும் ஓடிறாது. பக்கத்துல யுனிவர்சிட்டில ‘வள’ இருக்கு, பாத்தீங்களா? சின்ன வயசுல அப்பா கூட்டிட்டு வருவாரு. நாடகம் பாதிதான் விளங்கும். பாட்டு முழுசா விளங்கும்!”

சிங்களத்தில் ‘வள’ என்றால் பள்ளம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்குக்கு மாணவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. முழுப்பெயர், சரச்சந்திர திறந்தவெளி அரங்கு. யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி ஆறு, சுமார் 700 ஹெக்டேர் பச்சை. 1942-ல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-ல் இங்கே குடிவந்தது. வளாகத்துக்கென்றே ஒரு குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் ‘சரசவி உயன’. சரஸ்வதி தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மலைச்சரிவில் குறிஞ்சிக்குமரன் கோயிலும் உண்டு. ‘லவ்வர்ஸ் லேன்’ என்று ஒரு பாதை இருக்கிறது. அதை எழுதினால் ஆபீஸில் கிண்டல் செய்வார்கள், விட்டுவிடுகிறேன்.

‘வள’வைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம்தான். ஏ.சி கிடையாது, குஷன் கிடையாது, கூரையே கிடையாது. பெரிய மரங்களுக்கு நடுவே சரிவில் படிப்படியாக இருக்கைகள், கீழே மேடை. அவ்வளவுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கீழே ஒருவர் சாதாரணமாகப் பேசுவது மேல்படி வரை கேட்கிறது.

நாடகம் நடக்கும் நாட்களில் மாணவர்கள் மட்டுமல்ல, சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். பிடிக்கவில்லை என்றால் ‘ஹூ’ சத்தம் நிச்சயம் என்கிறார்கள். நான் படித்த கல்லூரியிலும் ஒரு பெரிய ஆடிட்டோரியம் இருந்தது. ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வரும் அன்று மட்டும் பூட்டைத் திறப்பார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. ‘வள’வில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, யார் இந்தச் சரச்சந்திர? பேராதனையில் பேராசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர, நவீன சிங்கள நாடகத்தின் பிதாமகர். ஜப்பானில் கபுகி, நோ நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஒரு கேள்வி. நமக்கென்று ஒரு பாணி எங்கே? விடை, கிராமத்தில் மறைந்துகொண்டிருந்த ‘நாடகம’ என்ற பாட்டுக்கூத்தில் கிடைத்தது. சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற கிராமத்துக் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். 1956 நவம்பரில் கொழும்பில் அது மேடையேறியது.

இங்கேதான் எனக்குச் சிலிர்த்தது. அந்த ‘நாடகம’வின் வேர் தமிழ்க் கூத்து. பெயரைப் பாருங்கள், தெரிகிறதல்லவா? அதற்கு வாசிக்கும் மத்தளத்துக்குச் சிங்களத்தில் இன்னொரு பெயர் ‘தெமள பெர’, தமிழ் மேளம். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும் அதே 1956-ல்தான். நாடாளுமன்றத்தில் ஒரு மொழி. மேடையில் சிங்களப் பாட்டுக்குத் தமிழ் மேளம்.

1961-ல் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ இதே ‘வள’வில் அரங்கேறியது. தந்தையான சிங்கத்தை மகனே கொல்லும் மகாவம்சக் கதை. மகன் மீது சிங்கத்துக்குப் பாசம் இருக்கும் வரை, எய்த அம்பு பாயாமல் திரும்பி விழுகிறது. சிங்கத்துக்குக் கோபம் வந்த பிறகுதான் அம்பு தைக்கிறது.

இந்தச் சங்கிலி இன்னொரு பக்கமும் நீள்கிறது. ‘மனமே’ தந்த உந்துதலில், பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்தைக் கையில் எடுத்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்தார். 1960-களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று வரிசையாக வந்தன. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி அதே கூத்தைத் தன் மாணவர்களைக் கொண்டு மறுபடி மேடையேற்றினார்.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஊர் மட்டக்களப்புப் பக்கம். அன்று மாலை ‘வள’வில் சில சிங்கள மாணவர்கள் ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு மத்தளம் வாசிக்க ஆள் இல்லை. இவள்தான் வாசிக்கிறாள்.

“எங்கட அப்பப்பா அண்ணாவியார் அக்கா. வடமோடி பழக்கினவர். பொம்புளப் புள்ளைக்கு மத்தளம் பழக்க மாட்டன் எண்டுட்டார். நான் கதவுக்குப் பின்னால நிண்டு தாளக்கட்ட பாடமாக்கினன்.”

“இப்போ நீ வாசிக்கிறது அவருக்குத் தெரியுமா?”

“இல்ல. அதுவும் சிங்கள நாடகத்துக்கு… தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ தெரியா.”

இடையில் கூத்தே நின்றுபோன வருடங்கள் உண்டாம், சண்டைக்காலத்தில். அப்போது அப்பப்பா மத்தளத்தைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தாராம். அதைப் பற்றி அவள் அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒத்திகை தொடங்கியது. எனக்குச் சிங்களத்தில் ‘ஸ்துதி’ தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பாடுகிறவன் இழுத்து நிறுத்த, அவள் விரல் மத்தளத்தில் விழ, அவன் காலை எடுத்து வைத்த இடம் இருக்கிறதே… டிரைவர் சொன்னது சரி. மேல்படியில் யாரோ ஒரு அம்மா, கையில் காய்கறிப் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வழிபோல.

என் போனில் மூன்று நிமிட வீடியோ எடுத்தேன். “எனக்கு அனுப்புங்க அக்கா” என்றாள். அப்பப்பாவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை சொல்லிக்கொண்டு வராது. குடையோடு போங்கள். மலைச்சரிவில் அட்டையும் இருக்கும், கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பக்கம் ஓட, அவள் மட்டும் துப்பட்டாவால் மத்தளத்தைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி படியேறினாள். கன்டீனில் பிளேன்டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

சென்னை வந்து நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்.

“அனுப்பினன் அக்கா. ரெண்டு நாள் ஒண்டும் கதைக்கல்ல. இண்டைக்குத்தான் கோல் எடுத்தவர். தாளம் தீர்க்கிற இடத்தில கை பிந்துதாம். லீவுக்கு வரக்குள்ள காட்டித் தாறாராம்.”