சாம்பல் நிறம்

லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தோருக்காக 1960 மார்ச் 5இல் ஹவானாவில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அங்கு அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படத்தை அறியாதோர் சிலரே. மூலப் படத்தில் இன்னொருவரின் பக்கத்தோற்றமும் பனையோலைகளும் இருந்தன. கோர்டா அவற்றை வெட்டி நீக்கினார். 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் பிட்ஸ்பற்றிக் முகத்தின் சாம்பல் சாயல்களையும் அகற்றிவிட்டார். சிவப்புப் பின்னணியில் தட்டையான கறுப்பு மட்டும் எஞ்சியது, மனிதர் சின்னமானார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

அதே நீக்கத்தின் மறுபக்கத்தையும் நான் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், காணாமற்போன மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். மலிவான காகிதமும் மிகுந்த மையும் சாம்பலை விழுங்கிவிட்டன. கன்னத்தின் மென்னிழலும் புருவத்தருகே இருந்த வடுவும் மறைந்துபோயின. மறுநாள் வந்தவர், "தம்பி, இது என்ர பிள்ளை இல்லை" என்றார். நான் பதிலின்றி நின்றேன்.

படத்தை வெளிறலாக்கி மீண்டும் பிரசுரித்தோம். அழகு குறைந்திருந்தது; வடு தெரிந்தது. சின்னத்துக்குச் சாம்பல் தேவையில்லை. மகனைத் தேடும் தாய்க்கு அதுவே தேவைப்பட்டது.